பார்லிமெண்டில் ஒரு சிற்றூர்க்காரர்: ஹெர்மன் ஷுல்ட்ஸ் டெலிட்ச்

நூல் கொள்முதலில் தகராறு நேர்ந்தால் சங்கத்தின் பெயராலேயே நோட்டீசு அனுப்புகிறோம். கிடங்குக்கு மனை வாங்கினால் கிரயப் பத்திரம் சங்கத்தின் பெயரில் எழுதப்படுகிறது. தலைவர் மாறினாலும் காரியதரிசி மாறினாலும் அந்த மனை சங்கத்தின் சொத்தாகவே நிற்கிறது. இவையெல்லாம் நம் அங்கத்தினர்களுக்கு வெயிலும் மழையும்போல் இயல்பாகிவிட்டன. இந்த உரிமை எங்கிருந்து வந்தது, யார் வாதாடிப் பெற்றார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? இங்கிலாந்தில் 1852-லேயே இதற்கு ஒரு சட்டம் பிறந்துவிட்டது. ஜெர்மன் நாட்டிலோ, ஒரு சிறு பட்டணத்து நீதிபதி பார்லிமெண்டுக்குச் சென்று ஆண்டுக்கணக்கில் போராடிய பின்னரே அது கிடைத்தது. அந்த நீதிபதியின் வரலாற்றை இங்குச் சொல்ல விரும்புகிறோம். அவருடைய சிந்தனையின் ஒரு கிளை காஞ்சிபுரம்வரை வந்து வேர்விட்டது என்பதும் இதற்கு ஒரு காரணம்.

ஹெர்மன் ஷுல்ட்ஸ் 1808-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் தேதி டெலிட்ச் என்னும் ஊரில் பிறந்தார். லைப்சிக் நகருக்கு அருகிலுள்ள சிற்றூர் அது. செருப்புத் தைப்போரும் தச்சரும் தையற்காரரும் நிறைந்த கைத்தொழில் பட்டணம். அவர் பிறந்தபோது சாக்ஸனி நாட்டைச் சேர்ந்திருந்த அவ்வூர், நெப்போலியன் வீழ்ந்தபின் 1815-ல் பிரஷ்ய நாட்டுக்குப் போயிற்று. தந்தையாரும் நீதிபதியாக இருந்தவரே. மகன் லைப்சிக்கிலும் ஹாலேயிலும் சட்டம் பயின்று, 1841-ல் சொந்த ஊரிலேயே நீதிபதியானார். அக்காலத்தில் பிரபுக்களின் பண்ணை எல்லைக்குள் நடக்கும் வழக்குகளை விசாரிக்க உள்ளூர் நீதிமன்றங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றில்தான் அவருக்கு வேலை. கடன் வழக்கும் ஜப்தியுமாக வந்த மக்களை அவர் நாள்தோறும் நேரில் பார்த்தார். கைத்தொழிலாளி எவ்வாறு தாழ்ந்து போகிறான் என்பதைப் புத்தகத்தில் படித்தறிய வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

1846, 1847 ஆண்டுகளில் விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் வந்தது. ஷுல்ட்ஸ் ஊரில் ஒரு கமிட்டி அமைத்தார். பணம் திரட்டித் தானியம் வாங்கி, ஒரு மாவு ஆலையையும் ரொட்டிச் சூளையையும் அமர்த்தி, பசித்தோருக்கு ரொட்டி வழங்க ஏற்பாடு செய்தார். ஊர் அவரை நம்பத் தொடங்கியது அப்போதுதான்.

1848-ல் ஐரோப்பாவெங்கும் மக்கள் கிளர்ச்சி எழுந்தது. பிரஷ்ய மன்னர் இறங்கிவந்து, அரசியல் சட்டம் வகுக்கத் தேசிய சபை ஒன்றைக் கூட்ட இசைந்தார். டெலிட்ச் மக்கள் தங்கள் நீதிபதியையே பெர்லினுக்கு அனுப்பினார்கள். சபைக்குச் சென்றால் அங்கே ஷுல்ட்ஸ் என்ற பெயருடையோர் பலர். நம் நாட்டில் கந்தசாமிகள் நால்வர் ஒரே சபையில் அமர்ந்தால் ஊர்ப்பெயரை முன்னே சேர்த்து அழைப்போம் அல்லவா? அவர்கள் பின்னே சேர்த்தார்கள். அன்றுமுதல் அவர் ஷுல்ட்ஸ் டெலிட்ச் ஆனார். பின்னாளில் பெர்லினுக்கும், அதற்குப் பிறகு வீஸ்பாடனுக்கும் பிரதிநிதியாக அமர்ந்தபோதும் அந்தச் சிற்றூரின் பெயரை அவர் விடவில்லை.

சபையில் அவருக்குக் கிடைத்த பணி பேரும் புகழும் தரும் பணியன்று. கைத்தொழிலாளரின் துயரை ஆராயும் கமிட்டிக்குத் தலைமை வகித்தார். நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் ஏறக்குறைய 1,600 விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. இயந்திரத்தைத் தடுக்கவேண்டும், பழைய தொழிற்குழுக் கட்டுப்பாடுகளை மீட்கவேண்டும், புதியவர் தொழிலில் புகாதபடி வாயிலை அடைக்கவேண்டும் என்னும் குரலே மிகுதியாக எழுந்தது. ஷுல்ட்ஸ் வேறொரு முடிவுக்கு வந்தார். தொழிலாளியின் கையில் திறமை குறையவில்லை. தோலையும் மரத்தையும் சிறுகச்சிறுகக் கடனுக்கு வாங்குவதால் மிகுந்த விலை கொடுக்கிறான். கடன் கொடுத்தவனிடமே கட்டுண்டு கிடக்கிறான். இந்த முடிச்சை அவிழ்க்காமல் ஆலையின் கதவை அடைத்துப் பயனில்லை. நூல் முதலாளியிடம் பாவு வாங்கி நெய்து அவரிடமே கூலி பெற்ற குடும்பங்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கமிட்டியின் வேலை முடியுமுன் சபையே முடிந்துபோயிற்று. மன்னர் மனம் மாறிச் சபையைக் கலைக்க முற்பட்டபோது, சபையைக் கலைக்கத் துணியும் மந்திரிசபைக்கு வரி செலுத்தவேண்டாம் என்று 1848 நவம்பரில் அங்கத்தினர்கள் தீர்மானம் நிறைவேற்றினார்கள். ஷுல்ட்ஸும் அதில் சேர்ந்தார். அதற்காக அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 1850-ல் விசாரணைக்கு நின்று, தாமே வாதாடி, விடுதலை பெற்றார். சர்க்கார் அவரை மன்னிக்கவில்லை. போலந்து மக்கள் மிகுந்த போசன் பகுதியில், ரெஷன் என்னும் தொலைவான ஊருக்கு மாற்றியது. டெலிட்சுக்குப் போய்வர விடுமுறை கேட்டதில் தகராறு மூண்டது. 1851-ல் வேலையையே உதறிவிட்டு ஊர் திரும்பினார்.

பட்டணத்து அரசியல் மூடிக்கிடந்த அந்த ஆண்டுகளே கூட்டுறவுக்குப் பொன்னான ஆண்டுகளாயின என்று நாம் கருதுகிறோம். 1849-லேயே டெலிட்சில் நோய்க்கும் சாவுக்கும் உதவும் நிதி ஒன்று அமைந்தது. அதே ஆண்டில் தச்சர்களுக்கும் செருப்புத் தைப்போருக்கும் மூலப்பொருள் வாங்கும் சங்கங்கள் தோன்றின. பலர் சேர்ந்து மொத்தமாகத் தோல் வாங்கினால் மொத்த விலை, அதை அடக்கவிலையுடன் சிறிதளவு செலவு சேர்த்து அங்கத்தினருக்குக் கொடுப்பது, அவ்வளவே ஏற்பாடு. நம் நெசவாளர் சங்கம் நூல் கட்டுகளை வாங்கிப் பகிர்ந்தளிக்கும் முறைக்கு இது ஒன்றுவிட்ட அண்ணன் என்று சொல்லலாம்.

1850-ல் கடன் சங்கம் தொடங்கினார். ஆனால் முதலில் அது தடுமாறியது. ஊரின் செல்வர்கள் வட்டியின்றி அளித்த பணத்தைக்கொண்டு கடன் கொடுத்தார்கள். தருமப் பணம் தானே என்று வாங்கியவர்களுக்கு அதில் பற்றில்லை. கொடுத்தவர்களின் ஆர்வமும் விரைவில் தணிந்தது. அதேசமயம் பக்கத்து ஊரான ஐலென்பர்க்கில் அவருடைய நண்பரான மருத்துவர் பெர்ன்ஹார்டி வேறு முறையில் ஒரு சங்கம் நடத்திவந்தார். அங்கே கடன் பெறுவோரே அங்கத்தினர். சங்கம் வெளியில் வாங்கும் பணத்துக்கு அங்கத்தினர் எல்லாரும் ஒருவருக்காக ஒருவர் முழுப்பொறுப்பு ஏற்றார்கள். ரெஷனிலிருந்து திரும்பிய ஷுல்ட்ஸ், தம் சங்கத்தைவிட இது மேலானது என்று கண்டார். கண்டபின் தயங்கவில்லை. 1852-ல் டெலிட்ச் சங்கத்தை அம்முறையிலேயே மாற்றியமைத்தார். பிறர் வழி நல்லதென்றால் தம் வழியை விடும் இந்தக் குணத்தைப் பிற்காலத்தில் அவரிடம் இவ்வளவு எளிதாகக் காண முடியவில்லை. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

வரையறாத பொறுப்பு என்பதன் பொருளைச் சற்று நின்று கவனிக்கவேண்டும். தனியாக நிற்கும் செருப்புத் தைப்பவனுக்கு எவரும் பணம் தரமாட்டார். நூறு பேர் கூடி, ஒருவன் தவறினால் மற்ற தொண்ணூற்றொன்பது பேரின் வீடும் பட்டறையும் அதற்கு ஈடு என்று எழுதிக்கொடுத்தால், அதே பணக்காரர் நம்பிக்கையுடன் டிபாசிட் செய்வார். ஏழைகளின் நாணயமே மூலதனமாகிறது. அதோடு இன்னொன்றும் நடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிய கடன் தன் தலையில் விழும் என்று தெரிந்தவன், அப்பணம் தொழிலுக்குப் போகிறதா கள்ளுக்கடைக்குப் போகிறதா என்று பார்த்துக்கொண்டேயிருப்பான். எந்தத் தணிக்கையாளரும் அவ்வளவு கூர்மையாகப் பார்க்கமாட்டார். அங்கத்தினர் தவணை முறையில் பங்குத் தொகை செலுத்தினார்கள். கடன் பெரும்பாலும் மூன்று மாதத் தவணையில் கொடுக்கப்பட்டது. லாபம் பங்குக்கு ஏற்பப் பிரிக்கப்பட்டது. 1855-ல் இம்முறையை விளக்கி அவர் எழுதிய நூல் வெளிவந்தபின், ஊருக்கு ஊர் மக்கள் வங்கிகள் எழுந்தன. 1859-ல் வைமார் நகரில் அச்சங்கங்களின் முதல் மாநாடு கூடியது. 1864-ல் எல்லாச் சங்கங்களுக்குமான பொதுச் சமாஜம் உருவாயிற்று. இறக்கும்வரை அவரே அதன் ஆலோசகராக இருந்தார்.

சங்கங்கள் வளர வளர, சட்டத்தின் சுவரில் முட்டிக்கொண்டன. சட்டத்தின் கண்ணுக்குச் சங்கம் என்பதே இல்லை. தனித்தனி மனிதர்களே இருந்தார்கள். சர்க்கார் மனம்வைத்துத் தனி அனுமதி கொடுத்தாலன்றிச் சங்கத்துக்குச் சட்டப்படியான உடலில்லை. கடனைத் திருப்பாதவன்மீது வழக்கிட அங்கத்தினர் அனைவரும் சேர்ந்து வரவேண்டும், அல்லது அனைவரும் அதிகாரப் பத்திரம் எழுதித்தரவேண்டும். அங்கத்தினரோ மாதந்தோறும் சேர்வதும் விலகுவதுமாக இருப்பார்கள். கட்டடம் வாங்கினால் யார் பெயரில் பதிவது? 1848-ல் கலகக்காரர் என்று பெயரெடுத்தவரின் சங்கங்களுக்குச் சர்க்கார் தனி அனுமதியை வாரி வழங்கும் என்று எதிர்பார்க்கவும் இடமில்லை.

1861-ல் ஷுல்ட்ஸ் மீண்டும் பிரஷ்யச் சட்டசபைக்கு வந்தார். அவ்வாண்டு தோன்றிய முற்போக்குக் கட்சியை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். அடுத்த ஆண்டே பிஸ்மார்க் முதன் மந்திரியானார். இராணுவச் செலவுக்குச் சட்டசபை பணம் ஒதுக்க மறுக்க, சபையின் இசைவின்றியே பிஸ்மார்க் செலவு செய்ய, சபையும் சர்க்காரும் பல ஆண்டுகள் முகம் பாராமல் இருந்த காலம் அது. அந்த நடுவில்தான், 1863 மார்ச்சு மாதத்தில், கூட்டுறவுச் சங்கங்களின் சட்ட நிலைமை பற்றிய மசோதாவை ஷுல்ட்ஸ் கொண்டுவந்தார். சூழ்நிலைக்குப் பொருந்தாத மசோதா என்று பலர் எண்ணியிருக்கக்கூடும். அவர் விடவில்லை. 1867 மார்ச்சு 27-ஆம் தேதி பிரஷ்யாவில் அது சட்டமாயிற்று. 1868 ஜூலை 4-ல் வட ஜெர்மன் கூட்டரசு முழுவதற்கும், பின்னர் ஜெர்மன் சாம்ராஜ்யத்துக்கும் பரவியது.

அச்சட்டத்தின் உயிர்நிலை ஒரே ஒரு ஏற்பாட்டில் இருந்தது. சட்டத்தில் சொன்ன நிபந்தனைகளை நிறைவேற்றி நீதிமன்றப் பதிவேட்டில் பதிந்துகொண்டால் போதும். எந்த அதிகாரியின் தயவும் வேண்டியதில்லை. பதிந்த நாள்முதல் சங்கம் தன் பெயரால் நிலம் வாங்கலாம், கடன் பெறலாம், வழக்கிடலாம். நம் நாட்டில் 1904-ல் வந்த சட்டம் இதே உரிமைகளைத் தந்தது. ஆனால் நீதிமன்றப் பதிவேடு இருந்த இடத்தில் ரிஜிஸ்திரார் என்னும் சர்க்கார் அதிகாரியை அமர்த்தியது. அந்த மாற்றத்தின் பலனை, நல்லதும் கெட்டதுமாக, நம் சங்கங்கள் நூற்றாண்டுக்கு மேலாக அனுபவித்து வந்திருக்கின்றன.

இக்காலத்தில் அவருக்கு இடப்பக்கத்திலிருந்தும் எதிரி ஒருவர் தோன்றினார். பெர்டினாண்டு லசால் என்ற பேச்சு வன்மை மிக்க தலைவர் 1863-ல் தொழிலாளர் சங்கம் ஒன்றை நிறுவினார். கடன் சங்கத்தாலும் மூலப்பொருள் சங்கத்தாலும் சிறு கடைக்காரர் பிழைக்கலாம், கூலித் தொழிலாளி பிழைக்கமுடியாது என்பது அவர் வாதம். சர்க்கார் பணத்தில் தொழிலாளரே நடத்தும் உற்பத்திச் சங்கங்கள் வேண்டும் என்றார். 1864-ல் ஷுல்ட்ஸின் பெயரையே தலைப்பில் வைத்து ஏளனமாக ஒரு நூலும் எழுதினார். அதே ஆண்டு சைலீசிய நெசவாளரின் தூதுக்குழு ஒன்று தம் வறுமையை மன்னரிடம் முறையிட்டது. பிஸ்மார்க்கின் ஆதரவும் அதற்கு இருந்தது. 1844-ல் கூலி கேட்டுக் கிளர்ந்தெழுந்து துப்பாக்கிக்கு இரையான நெசவாளரின் நாடு அது. மன்னர் பணத்தில் அங்கே ஓர் உற்பத்திச் சங்கம் தொடங்கப்பட்டது, நெடுநாள் நிலைக்கவில்லை.

சர்க்கார் உதவியா, சுய உதவியா என்னும் இந்த வழக்கில் யார் பக்கம் நியாயம்? ஷுல்ட்ஸ் சர்க்கார் பணம் ஒரு காசும் வேண்டாம் என்றவர். கொடுக்கும் கை நாளை கழுத்தையும் பிடிக்கும் என்பது அவர் அச்சம். பிஸ்மார்க்கின் ஆட்சியில் வாழ்ந்தவருக்கு அந்த அச்சம் இயல்பே. ஆயினும் வீடும் பட்டறையும் உடைய செருப்புத் தைப்பவனை வைத்தே அவர் கணக்குப் போட்டார் என்பதை நாம் மறுக்கமுடியாது. அடுத்தவேளை உணவுக்கு வழியற்ற நூறு நெசவாளர் ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்றால், அந்த ஜாமீனை நம்பி யார் பணம் தருவார்? நம் கைத்தறிச் சங்கங்களுக்கு 1953-ல் ஆலைத்துணியின்மீது விதித்த வரியிலிருந்து உதவி வந்திராவிட்டால், தள்ளுபடி விற்பனை இருந்திராவிட்டால், பல ஊர்களில் தறிக்குழி தூர்ந்துபோயிருக்கும். அதே வாயால் இன்னொன்றும் சொல்லவேண்டும். தள்ளுபடி மானியம் வந்துசேரத் தாமதமானால் கூலி கொடுக்கவும் கையில் பணமின்றித் திண்டாடும் சங்கத்தின் நிலையை ஷுல்ட்ஸ் நூற்றாண்டுக்கு முன்பே சொல்லி எச்சரித்துவிட்டார். நெசவாளர் விஷயத்தில் லசால் கண்ட நோய் மெய். மருந்தின் பக்கவிளைவைக் கண்டவர் ஷுல்ட்ஸ்.

பயிரிடுவோர் விஷயத்தில் அவர்மீது நமக்கு ஒரு குறை உண்டு. ரைன் நதிப் பக்கத்துக் கிராமங்களில் ரைபைசன் என்னும் பெரியார் குடியானவர்களுக்குக் கடன் சங்கங்கள் நடத்திவந்தார். அங்கே பங்கு முதல் கிடையாது. லாபப் பிரிவினை கிடையாது. நிர்வாகிகளுக்குச் சம்பளம் கிடையாது. கடன் தவணை ஆண்டுக்கணக்கில் நீளும். இது வங்கித் தொழிலுக்கே அடாது என்றார் ஷுல்ட்ஸ். எந்நேரமும் திருப்பிக் கேட்கக்கூடிய டிபாசிட்டை வாங்கி ஐந்தாண்டு, பத்தாண்டுக் கடனாகக் கொடுத்தால் ஒருநாள் பெட்டி காலியாகும் என்பது அவர் வாதம். கணக்கு சரிதான். ஆனால் தோல் வாங்கியவன் மூன்று மாதத்தில் செருப்பு விற்றுக் கடனை அடைப்பான்; மாடு வாங்கியவனும் கிணறு வெட்டியவனும் மூன்று மாதத்தில் எதை விற்பார்கள்? விதைத்தவனுக்கு அறுவடைவரை பொறுக்கவேண்டுமே. 1870-களில் இந்தத் தகராறு முற்றியது. ரைபைசன் சங்கங்கள் கூடி அமைத்த மத்திய வங்கி தாம் இயற்றிய சட்டத்துக்கு மாறானது என்று ஷுல்ட்ஸ் பார்லிமெண்டிலேயே பிரச்னை கிளப்பினார். அந்த வங்கி 1876-ல் கலைந்து வேறு உருவம் எடுக்கவேண்டியதாயிற்று. எந்தச் சபையில் நின்று கூட்டுறவுக்கு உரிமை வாங்கினாரோ, அதே சபையில் நின்று மற்றொரு கூட்டுறவாளரின் கையை முறுக்கினார். 1852-ல் ஐலென்பர்க்கைப் பார்த்துத் தம் சங்கத்தைத் திருத்திக்கொண்ட மனிதர் இதைச் செய்தார் என்பது நமக்கு வருத்தமே.

பார்லிமெண்டில் அவர் ஓயாமல் கொண்டுவந்த வேறொரு பிரேரணையையும் சொல்லவேண்டும். ஜெர்மன் பார்லிமெண்டு அங்கத்தினருக்குச் சம்பளமோ படியோ கூடாது என்று பிஸ்மார்க்கின் அரசியல் சட்டம் விதித்திருந்தது. செல்வர்களும் பிரபுக்களும் பெர்லினில் மாதக்கணக்கில் தங்கலாம்; சிற்றூர் ஆசிரியரும் தச்சரும் தங்கமுடியாது. படி வழங்கவேண்டும் என்று ஷுல்ட்ஸ் மீண்டும் மீண்டும் கேட்டார். ஒவ்வொரு முறையும் சர்க்கார் தட்டிக்கழித்தது. 1906-ல்தான் அது நிறைவேறியது. அவரோ வேலையை விட்டபின் எழுத்தையும் சங்கப் பணியையும் நம்பியே வாழ்ந்தவர். அன்பர்கள் நாடெங்கும் திரட்டி அளித்த நன்கொடையில் தமக்கென ஒரு வீட்டளவே ஏற்று, எஞ்சியதைப் பொதுநிதியாக்கிவிட்டார்.

1883 ஏப்ரல் 29-ஆம் தேதி போட்ஸ்டாம் நகரில், பார்லிமெண்டு அங்கத்தினராக இருக்கும்போதே அவர் காலமானார். அப்போது அவர் வழியில் சுமார் 3,500 சங்கங்கள் நடந்துவந்தன. அங்கத்தினர் தொகை பன்னிரண்டு லட்சம் என்பர். அவர் மறைந்து ஆறாண்டுக்குப்பின், 1889-ல் வந்த புதிய சட்டம், விரும்பும் சங்கங்கள் வரையறுத்த பொறுப்பை ஏற்கலாம் என்று அனுமதித்தது. சங்கங்கள் கூடி மத்திய சங்கம் அமைக்கவும் வழிவிட்டது. குறித்த காலத்தில் தணிக்கை செய்வதைக் கட்டாயமாக்கியது.

இந்தச் செய்திகளெல்லாம் சென்னைக்கு எட்ட அதிகக் காலம் ஆகவில்லை. விவசாயிகளின் கடன் துயரைப் போக்க வழி தேடிய சென்னை சர்க்கார், பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பிய முறைகளை ஆராயப் பணித்தது. 1895-லும் 1897-லும் வெளிவந்த அவருடைய அறிக்கைகள் ஷுல்ட்ஸின் முறையையும் ரைபைசனின் முறையையும் விரிவாக ஆராய்ந்தன. கிராமங்களுக்கு ரைபைசனே ஏற்றவர் என்று நிக்கல்சன் முடிவு கூறினார். 1904-ஆம் ஆண்டுச் சட்டம் இருவருக்கும் இடமளித்தது. கிராமச் சங்கங்களுக்கு வரையறாத பொறுப்பு விதியாயிற்று; நகரச் சங்கங்கள் எதையும் தேர்ந்துகொள்ளலாம் என்று விடப்பட்டது. அவ்வாண்டிலேயே செங்கற்பட்டு ஜில்லாவில் திரூர் கிராமத்தில் விவசாயிகளின் சங்கமும், பெரிய காஞ்சிபுரத்தில் நகர நாணயச் சங்கமும் பதிவாயின. முன்னது ரைபைசன் வீட்டுப் பிள்ளை, பின்னது ஷுல்ட்ஸ் வீட்டுப் பிள்ளை. பட்டு நெசவுக்குப் பேர்போன ஊரில் செருப்புத் தைப்போரின் ஊர் நீதிபதிக்கு ஒரு வாரிசு கிடைத்தது பொருத்தமே.

ஜெர்மனியில் அவ்விரு வீட்டாரும் சமாதானமாக இன்னும் பல ஆண்டுகள் ஆயின. 1972-ல் இரு வழியின் தேசியச் சமாஜங்களும் ஒன்றாயின. கூட்டுறவு என்னும் கருத்தையும் நடைமுறையையும் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக 2016-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது, ஷுல்ட்ஸின் பெயர் தாங்கிய கழகமும் ரைபைசனின் பெயர் தாங்கிய கழகமும் சேர்ந்தே அதற்கு முன்மொழிந்திருந்தன. டெலிட்சில் செருப்புத் தைப்போர் 1849-ல் தோல் வாங்கக் கூடிய வீடு இன்று ஒரு காட்சிசாலையாக இருக்கிறது.